கஜா வாங்க வைத்த மெஷின்: ஏழு வருடக் கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிப் போனபோது, பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் இருந்த 140 தென்னையில் மிஞ்சியது 31. விழுந்ததை அப்புறப்படுத்தினால்தான் கன்று வைக்க முடியும். மரம் அறுக்கும் மெஷின் வைத்திருந்தவர்களுக்கு அப்போது ஊரெல்லாம் வேலை. நம் முறை வரும் வரும் என்று காத்திருந்து அலுத்துப்போய், டிசம்பரில் நானே ஒரு செயின் சா வாங்கிவிட்டேன். 52 சிசி, செயின் சுற்றி ஓடும் 22 இஞ்ச் பார், சீனாவில் செய்து இங்கே ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற ரகம். விலை 8,500 ரூபாய். பெரிய கம்பெனி மெஷின் அதைப் போல மூன்று மடங்கு சொன்னார்கள். பெயர் வேண்டாம்; இதே உடம்பு பல பெயரில் கடையில் கிடக்கிறது.

முதல் மூன்று வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டர் கயிறு ஒருமுறை அறுந்தது, அவ்வளவுதான். செயின்தான் செலவு வைத்தது. தென்னை உள்ளே பஞ்சு மாதிரி இருந்தாலும் வெளிச்சுற்று வைரம் பாய்ந்தது. தரையில் கிடந்த மரமென்றால் மண் வேறு. இரண்டு டேங்க் ஓட்டுவதற்குள் தூளுக்குப் பதில் மாவு விழும். 4.8 மில்லி உருட்டு அரம் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பல்லுக்கு மூன்று இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவேன்.

தொல்லை ஆரம்பித்தது 2022 வாக்கில். காலையில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், கால் மணி நேரம் நன்றாக அறுக்கும். அப்புறம் ரேஸ் கொடுத்தால் ஒரு கணம் கீச்சென்று ஏறி, திணறி, நின்றுவிடும். விட்டுப் பிடித்தால் ஸ்லோவில் ஓடும். லிவரை அழுத்தினால் படுத்துவிடும். சரி, சூடாகிவிட்டது என்று நிழலில் வைத்துவிட்டு நான் ஒரு டீ குடிப்பேன். வந்து பெட்ரோல் ஊற்றி இழுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். "சீன மெஷினுக்கு ரெஸ்ட் கொடுக்கணும் மாமா" என்பார் மச்சான். நானும் அப்படியே நம்பினேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

சும்மா நம்பிக்கொண்டிருக்கவில்லை, செலவும் செய்தேன். பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டரைக் கழுவினேன். டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்டரைக் கம்பி கொக்கியால் இழுத்துப் புதிது போட்டேன். சைலன்சர் வாயில் இருக்கும் சல்லடையில் கரி அடைத்திருந்ததைச் சுரண்டினேன். பிறகு செய்யக் கூடாததைச் செய்தேன்: கார்புரேட்டர் திருகாணிகளில் கை வைத்தேன். எல் என்றிருப்பது ஸ்லோவுக்கு, எச் என்றிருப்பது முழு ரேஸுக்கு. எத்தனை சுற்று இருந்தது என்று குறிக்காமலே திருப்பியதில், முன்பு கால் மணி நேரம் ஓடியது அதுவும் போயிற்று. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். டியூன் செய்தார், டயஃப்ரம் கிட் போட்டார், கடைசியில் கார்புரேட்டரையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் கடையில் அருமையாக ஓடும், தோப்பில் படுக்கும். அவர் மேல் தப்பில்லை. சோதிக்கும்போதெல்லாம் டேங்கை நிரப்பித்தான் சோதித்தார். அதில் விஷயம் இருக்கிறது என்று இருவருக்குமே தோன்றவில்லை.

ஒரு நாள் கேனில் ஆயில் கலந்து வைத்த பெட்ரோல் தீர்ந்துபோனது. மெஷின் வழக்கம்போல நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்து நன்றாக ஆறியும்விட்டது. இழுத்தேன், ஸ்லோவில் ஓடியது, ரேஸ் கொடுத்ததும் நின்றது. பைக்கை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போய் வந்து கலந்து ஊற்றினேன். உடனே ஓடியது. ஆக இத்தனை நாளும் குணப்படுத்தியது ரெஸ்ட் இல்லை, பெட்ரோல்.

அடுத்த சந்தேகம் டேங்கின் மூச்சுத் துளை. அது அடைத்தாலும் ஓட ஓட டேங்குக்குள் வெற்றிடம் ஏறி மெஷின் நின்றுவிடும், மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். பெட்ரோல் ஊற்றவும் மூடியைத் திறக்கத்தானே வேண்டும்? அதனால் மறுநாள் நின்றதும் மூடியை மட்டும் திறந்து மூடினேன். காற்று இழுக்கும் சத்தமில்லை, மாற்றமும் இல்லை. பிளக்கைக் கழற்றி மெஷினின் உடம்பில் ஒட்டி இழுத்தேன் (பெட்ரோலைத் தள்ளி வைத்துவிட்டு). பொறி நீலமாக வந்தது. பொறி கொடுக்கும் காயிலும் (coil) சரி.

மிச்சம், டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகும் டியூப். டேங்க் சுவரைத் தாண்டும் இடத்திலிருந்து இழுத்து எடுத்துப் பார்த்தேன், வெளியே பழுதில்லை. ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையில் ஊதி, சைக்கிள் பஞ்சர் பார்ப்பது போல வாளித் தண்ணீரில் முக்கினேன். சுவருக்கு உள்பக்கம் ஓர் அங்குலம் தள்ளி குமிழ் வந்தது. அந்த இடத்தை மடக்கினால்தான் தெரிகிறது, மயிரிழை போல ஒரு வெடிப்பு. டேங்க் நிறைந்திருக்கும்போது வெடிப்பு பெட்ரோலில் முங்கியிருக்கும், காற்று புகாது. பாதிக்குக் கீழே இறங்கினால் காற்றை உறிஞ்சும். அப்போது வருகிற பெட்ரோல் ஸ்லோவுக்குப் போதும், ரேஸுக்குப் போதாது.

டியூப் 60 ரூபாய். அதற்கு முன்னால் செலவழித்தது 2,900.

காற்று கலந்து ஓடினால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும். அதனால் சைலன்சரைக் கழற்றி, வாசல் வழியாகப் பிஸ்டனைப் பார்த்தேன். நான்கைந்து மெல்லிய நெடுக்குக் கோடுகள் விழுந்திருந்தன, ஆழமில்லை. ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டால் இன்னும் மெதுவாகத்தான் இறங்குகிறது, அழுத்தம் போகவில்லை. இன்னும் ஒரு வருடம் "ரெஸ்ட்" கொடுத்திருந்தால் போயிருக்கும்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மலிவு ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். அதனால் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் கணக்கில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்கிறேன். பத்து நாள் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வைக்கிறேன். டியூப் வருடத்துக்கு ஒன்று, வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும்.

தோப்புக்காரர்கள் இந்த ரகத்தை வாங்கலாமா என்றால், கழற்றி மாட்டப் பொறுமை இருப்பவர்கள் வாங்கலாம். உதிரி எங்கேயும் கிடைக்கிறது. தினக்கூலிக்கு அறுக்கப் போகிறவர்கள் பணத்தைச் சேர்த்து நல்லதாகவே எடுத்துவிடுங்கள். இதன் அதிர்வுக்கு மாலையில் விரல் மரத்துப்போகிறது. செயின் ஆயிலும் ராத்திரி முழுக்கத் தரையில் ஒழுகுகிறது, அதற்கு நான் இன்னும் வழி காணவில்லை, அடியில் அட்டை போட்டு வைக்கிறேன்.

மெக்கானிக் கழற்றிக் கொடுத்த பழைய கார்புரேட்டர் ஒரு டப்பாவில் கிடந்தது. போன மாதம் கழுவி மாட்டிப் பார்த்தேன். கால் டேங்க் பெட்ரோலில், முழு ரேஸில், அடிமரத்தை அறுத்துத் தள்ளியது.