பழைய எக்ஸ்யூவி 700 டீசல்: மீட்டரை விட, ஓடிய ஊரைப் பாருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பழைய வண்டி விற்கும் இடத்தில் இரண்டு மஹிந்திரா எக்ஸ்யூவி 700 பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது என்று வையுங்கள். இரண்டும் 2022 மாடல், இரண்டும் டீசல். ஒன்று கேஏ பதிவு, பெங்களூரில் ஒரே கை, மீட்டரில் 32,000 கிலோமீட்டர். இன்னொன்று டிஎன் 29, மீட்டரில் 95,000. பார்க்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் வண்டியின் கதவைத்தான் திறப்பார்கள். டீசல் என்றால் பல நேரம் இரண்டாவது வண்டிதான் நல்ல வண்டி. காரணம் சைலன்சர் பாதையில் உட்கார்ந்திருக்கும் டிபிஎஃப்.

பிஎஸ் 6 புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார் எல்லாவற்றிலும் இந்தக் கரி வடிகட்டி உண்டு. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரளவு சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை எரித்துச் சுத்தம் செய்யும். எரிய வேண்டுமென்றால் வடிகட்டியின் சூடு 600 டிகிரியை ஒட்டி ஏற வேண்டும். அதற்காக இன்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். நான்கு வழிச்சாலையில் 70, 80 வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஓடினால் வேலை முடிந்துவிடும், ஓட்டுகிறவருக்கே தெரியாது. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து, அலுவலகம் வந்ததும் அணைத்துவிட்டால் சுத்தம் பாதியிலேயே நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போகும். நீர்த்த ஆயிலில் முதலில் அடி வாங்குவது டர்போவின் பேரிங். மாதத்துக்கு நாலு தடவை தர்மபுரியிலிருந்து சேலத்துக்கோ ஓசூருக்கோ போய்வந்த வண்டிக்கு இந்த நோய் அநேகமாக வராது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் சந்தேகப்படுங்கள். ஆயில் அளவு தானாக ஏறாது. ஒரு சொட்டை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, வழவழப்பு இல்லாமல் தண்ணீர் போல ஓடினால் அந்த வண்டியை விட்டுவிடலாம். நிறம் கறுப்பாக இருப்பது டீசலில் சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அடுத்ததாக, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் போட்டு டிபிஎஃப் கரி அளவையும், கடைசியாகச் சுத்தம் நடந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பதையும் படிக்கச் சொல்லுங்கள். பழைய கோளாறுக் குறியீடுகள் முந்தின நாள்தான் அழிக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த வண்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். குடும்பத்துக்கு நல்ல வண்டி. 2021-ல் வந்தது. நீளம் 4,695 மில்லிமீட்டர், அகலம் 1,890. ஏஎக்ஸ் வகைகளில் வரும் 2.2 லிட்டர் டீசல் 185 குதிரைசக்தி தருகிறது; இழுவிசை மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 450. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை ஏற்றத்தில் ஏறும்போது இந்த இழுவையின் அருமை தெரியும்; கியரைக் குறைக்காமலே லாரியைத் தாண்டலாம். பின்பக்க மல்டிலிங்க் சஸ்பென்ஷன் பள்ளம் மேட்டை அமுக்கி எடுக்கும். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் டீசல் மேனுவல் லிட்டருக்கு 14 முதல் 16 தரும், ஊருக்குள் 10, 12-க்கு இறங்கும். இரண்டு லிட்டர் பெட்ரோல் 200 குதிரைசக்தியோடு பறக்கும், ஆனால் குடிக்கும். வருடத்துக்கு 8,000 கிலோமீட்டருக்குள் ஓடும் குடும்பம், அதிலும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் சந்தைக்குப் போவதும்தான் வேலை என்றால், டிபிஎஃப் தொல்லை இல்லாமல் பெட்ரோலையே எடுங்கள்.

பாதுகாப்பில் இதன் பெயர் நியாயமாக வந்த பெயர். 2021 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம், குழந்தைகளுக்கு நான்கு. சோதித்தது இரண்டே ஏர்பேக் உள்ள அடிப்படை வண்டியை. ஆகவே விலை குறைந்த வகையை வாங்குகிறவரும் உடல்கட்டின் உறுதியை நம்பலாம்.

இடவசதியில் மட்டும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஏழு இருக்கை என்பதை ஐந்து பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்று படித்துக்கொள்ளுங்கள். நடுவரிசை முன்னும் பின்னும் நகராது, சாய்வு மட்டும்தான் மாறும். மூன்றாம் வரிசைக்குப் போக இடப்பக்க இருக்கையை மடித்துத் தூக்கி, அந்தச் சந்தில் நுழைய வேண்டும்; புடவை கட்டிய அறுபது வயது அம்மாவால் அது ஆகாது. உட்கார்ந்த பிறகும் முட்டி மார்புக்கு ஏறி நிற்கும். தனி ஏசி வென்ட் இருப்பதால் பிள்ளைகள் வேர்க்காமல் வருவார்கள். வாங்கப் போகும்போது வீட்டிலேயே உயரமானவரைக் கூட்டிப்போய்ப் பின்னால் உட்கார வைத்து, ஒகேனக்கல் போகும் தூரமாவது, அதாவது ஒரு மணி நேரம், தாங்குமா என்று கேளுங்கள். மூன்றாம் வரிசை நிமிர்ந்திருந்தால் டிக்கியில் இரண்டு தோள்பையும் ஒரு சாப்பாட்டுக் கூடையும் வைக்கலாம், எண்ணெய்க் குளியலுக்கு மாற்றுத்துணி மூட்டையும் பாத்திரமும் மடியில்தான். அதையே மடித்துப் போட்டால் மாங்காய் சீசனில் தோட்டத்திலிருந்து கிரேட் கிரேட்டாக ஏற்றிவரலாம். ஏழு பேருமே பெரியவர்கள் என்றால் இன்னோவா கிரிஸ்டாவுக்குப் போங்கள், ஓட்டுவதற்கு இவ்வளவு சுகமில்லை, பழைய விலையும் இறங்காது, ஆனால் பின்னால் உட்கார்கிறவர் திட்டமாட்டார். டாடா சஃபாரியின் மூன்றாம் வரிசையும் இதைவிடக் கொஞ்சம் தேவலாம்.

இனி வண்டியை ஓட்டிப் பார்ப்பது. விற்பவர் ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார், அது போதாது. காலையில் போய், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறிய பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடிக்க வேண்டும். அரை நிமிடம் தாண்டியும் வெள்ளைப் புகையோ தட்டும் சத்தமோ நீடித்தால் இன்ஜெக்டரைச் சோதிக்காமல் பேச்சைத் தொடராதீர்கள். மேனுவலில் மூன்றாம் கியரில் 30 வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரேயடியாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. பெங்களூர் நெரிசல் வண்டியில் 35,000 கிலோமீட்டரிலேயே இது நடக்கும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடி டி, ஆர் என்று நாலைந்து முறை மாற்றுங்கள், இடி போன்ற குலுக்கல் வரக்கூடாது.

பிறகு தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்த இறக்கத்தைவிட நல்ல பிரேக் சோதனைக்களம் இந்த இரண்டு மாவட்டத்தில் கிடையாது. மூன்றாம் கியரில் இன்ஜினே பிடித்துக்கொண்டு வரும்படி இறங்குங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் கைமுறைக்கு மாற்றி மூன்றில் வையுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், தொடர்ந்து மிதித்தே இறங்கினால் டிஸ்க் காய்ந்து பிடிமானம் போகும். லாரிகள் அங்கே கட்டுப்பாடு இழப்பதற்கும் பெரும்பாலும் அதே காரணம்தான், ஆகவே முன்னால் மட்டுமல்ல, பின்னால் வருவதையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருங்கள். கீழே இறங்கியதும் பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. திரும்பி ஏறும்போது ஏசியை முழுதாக வைத்து, இன்ஜின் சூட்டு முள் நடுவைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். தர்மபுரி வெயிலில் மதியம் இதைச் செய்தால் பதில் இன்னும் தெளிவாகக் கிடைக்கும். ஏதாவது கிராமச் சாலையின் வேகத்தடைகளில் ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாக ஏறி இறங்குங்கள். முன்பக்கம் டொக் டொக் என்றால் லிங்க் ராடாக இருக்கலாம், அது சின்னச் செலவு. 80 வேகத்தில் ஊங்காரம் கேட்டால் வீல் பேரிங்.

ஏஎக்ஸ் 7 வகையில் வரும், சாலையைக் கேமராவில் பார்த்து ஓட்டுகிறவருக்கு உதவும் ஏடாஸ் வசதிக்காக அதிகம் கொடுக்கிறீர்கள் என்றால் அது வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இதன் கேமரா முன்கண்ணாடியின் உச்சியில் இருக்கிறது. கிரானைட் ஏற்றிப் போகும் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டியில் கல் தெறித்துக் கண்ணாடி மாற்றியிருப்பது இங்கே சாதாரணம். மாற்றியதும் கேமராவை அளவுக்குத் திரும்ப நிறுத்த (கேலிப்ரேஷன்) வேண்டும். வெளிக்கடையில் கண்ணாடி மட்டும் ஒட்டிவிட்டு விட்டிருந்தால் கேமரா சாலைக் கோட்டைத் தப்பாகப் படிக்கும். கண்ணாடி மூலையில் உள்ள முத்திரையையும் பக்கக் கண்ணாடிகளில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் அளவு நிறுத்திய பில்லைக் கேளுங்கள். எதிர்த்திசையில் பைக் வரும் நம் சாலைகளில், வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் கீப்பை நம்பிக் கையை எடுக்கவே கூடாது. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி மட்டும் உண்மையில் உயிர் காக்கக்கூடியது.

மேற்கூரைக் கண்ணாடி உள்ள வண்டிக்கு நம் பக்கத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. புளியமரத்தடியில் நிறுத்துகிறோம். புளிய இலை சின்னது, சன்ரூஃப் ஓரத்து வாய்க்காலில் இறங்கி, புழுதியோடு சேர்ந்து களியாகி வடிகால் குழாயை அடைத்துவிடும். மழை பெய்தால் தண்ணீர் உள்கூரை வழியாக இருக்கையில் சொட்டும், சில நாளில் கால்மிதிக்கு அடியில் வயர் நனையும். வாங்கும்போது சன்ரூஃபைத் திறந்து, மூலை வாய்க்காலில் ஒரு டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியில் தரையில் சொட்ட வேண்டும். வாய்க்காலிலேயே தேங்கினால் அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கழன்றுவிடும்; மெல்லிய நைலான் நூலை விட்டு இழுத்தாலே வந்துவிடும். இதேபோல உடம்போடு ஒட்டி உள்ளே போகும் கைப்பிடிகளையும் நாலு கதவிலும் பத்துத் தடவை இயக்கிப் பாருங்கள், குவாரிப் புழுதியில் சிக்கிக்கொள்ளும்.

பெங்களூர் வண்டி என்றால் வெள்ளம் பற்றியும் யோசியுங்கள். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு, சர்ஜாபூர் சாலைப் பக்கம் மூழ்கி நின்ற கார்கள் எத்தனையோ. சீட் பெல்ட்டை முழுதும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கறை இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. இருக்கைக்கு அடியில் கை விட்டுத் தண்டவாள போல்ட்டைத் தடவுங்கள், விரலில் துரு ஒட்டக்கூடாது. டிக்கி விரிப்பைத் தூக்கி முகருங்கள்.

கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்த விஷயங்களும் உண்டு, அவை நடந்ததா என்று பாருங்கள். 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரான 1,08,306 வண்டிகளை இன்ஜின் பகுதி வயரிங் உராய்ந்து அறுபடக்கூடும் என்று 2023 ஆகஸ்டில் அழைத்தார்கள். 2022 ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையே தயாரான 12,566 வண்டிகளை கிளட்ச் பெல் ஹவுசிங்கில் உள்ள ரப்பர் பெல்லோவுக்காக அழைத்தார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இந்த வேலை முடிந்ததா, எத்தனை கிலோமீட்டரில் எந்த சர்வீஸ் நடந்தது, வாரண்டி மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். மீட்டரைத் திருத்தியிருந்தாலும் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் அது, புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ என்ற யூரியாத் திரவத்துக்கு. அது தீர்ந்துவிட்டால் ஒரு கட்டத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஒரு கேன் டிக்கியில் வைத்திருங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் தயாரான வாரமும் வருடமும்: 1422 என்றால் 2022-ன் பதினாலாவது வாரம். ஏஎக்ஸ் 7-க்கு 235/60 ஆர் 18, ஒன்று பதினைந்தாயிரத்தை ஒட்டி வரும். நாலும் மாற்ற வேண்டியிருந்தால் அறுபதாயிரத்தை விலையில் கழியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ் போய் ஜிஎஸ்டி 40 சதவீதம் மட்டும் என்றானதில் புது வண்டி விலையே இறங்கியது. அதற்கு முந்தின ஷோரூம் விலையைக் காட்டி யாராவது பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேஏ வண்டியின் விலை மலிவாகத் தெரிவதற்கு ஒரு காரணம் வரி. இங்கே கொண்டுவந்து ஓட்டினால் பன்னிரண்டு மாதத்துக்குள் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும். 2023 நவம்பர் உயர்வுக்குப் பிறகு புது வண்டிக்கு 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆர்சி நகலோடு கிருஷ்ணகிரி, ஓசூர் அல்லது தர்மபுரி ஆர்டிஓ அலுவலகம் போய்த் தொகையைக் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிவம் 28-ல் கர்நாடக ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (என்ஓசி), படிவம் 29 இரண்டு, படிவம் 30, கடன் இருந்திருந்தால் படிவம் 35-உடன் வங்கியின் கடிதம், இவை கையில் வரும் வரை முழுப்பணத்தைக் கொடுக்காதீர்கள். பெங்களூர் போக்குவரத்து போலீஸ் அபராதம் பாக்கி இருந்தால் என்ஓசி இழுத்தடிக்கும், அதை விற்பவர் பெயரிலேயே கட்டச் சொல்லுங்கள். பாஸ்டேக்கையும் அவரே மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிருஷ்ணகிரி டோலைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் பணம் அவர் கணக்கிலிருந்து போகும், போன் உங்களுக்கு வரும்.