வீவக அறையா, வாடகை ஸ்டூடியோவா? ராப் பாடகி குரலை எங்கே பதிவது

சொந்தக் காசில் பாட்டு வெளியிடும் தமிழ் ராப் பாடகிக்குச் சிங்கப்பூரில் இந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிடும்.

வீட்டில் மணிக்கணக்கில் வாடகை இல்லை. ஒரே வரியை முப்பது முறை பாடலாம். வேகத்தில் ழகரமும் றகரமும் மழுங்காமல் வரும்வரை விடவேண்டாம். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அறையின் கான்கிரீட் சுவரும் டைல் தரையும் குரலைத் திருப்பி அடிக்கும். பதிவில் ஏறிய எதிரொலியை மிக்ஸிங்கில், அதாவது குரலையும் இசையையும் கலந்து சரிசெய்யும்போது, முழுதாக எடுக்க முடியாது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் 15 செ.மீ., நடுவில் 'ப' போன்ற எழுத்தின் காற்றடியைத் தடுக்கும் வலைத்திரை, பாப் ஃபில்டர். மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் 'ஸ' அவ்வளவாகச் சீறாது. பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள்; ஒலி அளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபலுக்குள் நிற்கட்டும், உரக்கப் பாடும் வரி திடீரென எகிறும். ஏர்கானையும் மின்விசிறியையும் நிறுத்தியே ஆகவேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது பெரும் பாடுதான், அதனால் நான்கு நான்கு வரியாகப் பதியுங்கள்.

ஸ்டூடியோவில் கடிகாரம்தான் தொல்லை. மனப்பாடம் ஆகாத வரிகளோடு போனால் வாடகை கரையும். பீட்டை, அதாவது பின்னணி இசையை, எம்பி3யாகக் கொண்டுபோகாதீர்கள். சுருக்கப்படாத வேவ் கோப்பும், நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்று சொல்லும் பிபிஎம் எண்ணும் வேண்டும். முடிந்ததும் பதிந்த ஒவ்வொரு டிராக்கையும் (குரல் அடுக்கையும்) தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் தேர்வு: டெமோ வீட்டில், முதன்மைக் குரலும், அதே வரியை மறுபடி பாடி அதன்மேல் அடுக்கும் டபுளும் ஸ்டூடியோவில், ஒரே மைக்கில். முதன்மைக் குரலையும் டபுளையும் இரண்டு இடத்தில் பதிந்தால் குரலின் நிறம் ஒட்டாது.