முற்றத்துப் புல்லுக்கு டொலமைற் போட வாறவர்களிடம் கவனம்

ஆனி, ஆடியில்தான் இந்த வியாபாரம் நடக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரர் வந்து இறங்கும்போது புல் பச்சையாக நிற்க வேண்டும். கொந்தறாத்துக்காரர் வட்சப்பில் படம் அனுப்புவார், அங்கிருந்து காசு வரும். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு பரப்பு முற்றத்தில் இம்முறை நடந்ததும் இதுதான். பில்லில் மூன்று வரி: மண் பதப்படுத்தல், காற்றோட்டத் துளை, மேல்மண். செய்து முடித்தது: நாலு மூடை டொலமைற் (சுண்ணாம்பு வகைக் கல் தூள்), அலவாங்கால் அடிக்கொரு குத்து, மேலே இரண்டு கியூப் (கியூப் என்பது 100 கன அடி) கடற்கரை மணல். பில்லில் இல்லாத யூரியாவும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

டொலமைற் மலைநாட்டுத் தேயிலை மண்ணுக்கு உரிய சரக்கு. அங்கே மண் புளிப்பு. யாழ்ப்பாணத்துச் செம்மண் கிடப்பதோ சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே. கிணற்றுத் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணி என்பதைக் கேத்தில் அடியில் படிந்த வெள்ளையே காட்டும். தண்ணி வார்க்க வார்க்க மண்ணில் சுண்ணாம்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு மேல் இன்னும் போட்டால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. குருத்திலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முதலில் விழுவது மலேசியன் புல். அது புளிப்பு மண்ணை விரும்பும் சாதி. அறுகு தாங்கும்.

காசு கொடுக்கமுன் ஒரு சோதனை. மூன்று அங்குல ஆழத்தில் எடுத்த மண்ணைக் காயவைத்து, ஒரு கைப்பிடியைச் சோசரில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். நுரைத்தால், அல்லது காதருகே பிடிக்கச் சீறும் சத்தம் கேட்டால், சுண்ணாம்பு ஏற்கெனவே உண்டு. சுவரோரத்து மண் வேண்டாம். அங்கே கட்டட வேலையின் சீமெந்துத் தூள் கிடக்கும், சும்மாவே நுரைக்கும். நுரைக்கவில்லை என்பதற்காக டொலமைற் தேவை என்றும் ஆகாது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பீஎச் அளந்த பிறகே பேச்சு.

அடுத்தது துளை. ஒரு பரப்பு 2722 சதுர அடி. அடிக்கொன்று என்றால் ஏறக்குறைய 2700 துளை. வேண்டிய நெருக்கத்தில், மூன்று அங்குலத்துக்கு ஒன்று என்றால் 43,000க்கு மேல். எண்ணிக்கையை விடுங்கள், அலவாங்கு மண்ணை வெளியே எடுப்பதே இல்லை. பக்கவாட்டில் நெரித்துத் தள்ளுகிறது. செம்மண்ணில் அந்தத் துளையின் சுவரைத் தடவிப் பாருங்கள், மெழுகினமாதிரி வழுவழுப்பாக இருக்கும். வேர் அதற்குள் லேசில் நுழையாது. ஆணி வைத்த சப்பாத்தும் இதே கதைதான். வேண்டியது உள்ளே குழலான முனை. புட்டுக்குழலிலிருந்து தள்ளினமாதிரி, இரண்டு மூன்று அங்குல மண் உருளைகள் புல்லெங்கும் விழுந்து கிடக்க வேண்டும். உருளை இல்லையென்றால் வேலை நடக்கவில்லை.

காலமும் பிழை. சோளகக் காற்று அடிக்கும் ஆடியில் துளைத்தால் வேர் காயும். ஐப்பசி முதல் மழை விழுந்து, மண் ஈரமாகி, காலில் ஒட்டாமல் இருக்கும் நாளே சரி. ஒரு ஸ்குறூ டிறைவர் ஈரமண்ணில் ஆறு அங்குலம் லேசாக இறங்கினால் துளைக்கவே தேவையில்லை.

மேல்மண்ணுக்குக் கால் அங்குலம் போதும். பரப்புக்கு அரைக் கியூப்பும் கொஞ்சமும். இரண்டு கியூப் போட்டால் ஏறக்குறைய ஒரு அங்குலம், புல் புதைந்துபோகும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். அதுக்கும் வினாகிரி விட்டுப் பாருங்கள். அரித்த கூட்டெருவைத் தூவி, ஈர்க்குமாற்றால் துளைக்குள் தள்ளிவிடுவதே முறை.

இப்போது யூரியா. பரப்புக்கு ஒரு தடவைக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூடாது. கோண்டாவிலில் அதைவிடக் கூடப் போட்டார்கள். ஒரு கிழமைக்குள் கடும்பச்சை, உடனே படம், உடனே மிச்சக் காசு. மூன்றாம் கிழமை நுனி கருகியது, பிறகு மஞ்சள். யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும், மிஞ்சியது சுண்ணாம்புக்கல் வெடிப்பால் கிணற்றுக்குப் போகும். அயல் கிணறும் சேர்த்துத்தான்.

அகப்பட்டவர்கள் முதலில் மணலை வாரி எடுங்கள். மஞ்சளுக்கு, லீற்றருக்கு 5 கிராம் இரும்புச் சல்பேற்றுக் கரைத்துப் பின்னேரத்தில் இலையில் தெளியுங்கள். மண்ணில் போட்டால் அந்த இரும்பைச் சுண்ணாம்பு கட்டிப்போடும். சீமெந்தில் பட்டால் கறள் நிறம் போகவே போகாது. அடுத்ததாக "ஜிப்சம் போடுவம்" என்று வருவார்கள். ஜிப்சம் சோடியம் ஏறிய மண்ணுக்கு மட்டும், அதுவும் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு.

பேசும்போதே இரண்டை எழுதி வாங்குங்கள்: அடிமட்டம் பக்கத்தில் வைத்து எடுத்த மண் உருளைப் படம், மிச்சக் காசு வேலை முடிந்து ஆறு கிழமைக்குப் பிறகு.