கிறிஸ்தவ வீட்டுக் கல்விப் பெட்டி: முழுசா வாங்காதீங்க, இரண்டு பாடம் போதும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேத அடிப்படையில் வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கும் பெற்றோருக்கென்று விற்கிற ஆரம்பப் பெட்டி ஒன்றைப் போன ஜூனில் வாங்கினோம். சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தாலே யாராவது ஒருவர் "அது எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பதால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். பெட்டியின் பெயரையும் விற்றவர் பெயரையும் போடவில்லை. போட்டால் நாலு பக்கத்துக்குப் பதில் வரும், அதைப் படிக்க எனக்கு நேரமில்லை. நாங்கள் மாயவரம் பக்கம், மகளுக்கு மூன்றாம் வகுப்பு வயது, நான் வேலைக்குப் போகிறவள், பகலில் பாடம் பார்த்துக்கொள்வது என் மாமியார். இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது.

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். படிக்க வைக்கும் முறைக்கு ஐந்துக்கு நாலரை. உள்ளே இருக்கிற சரக்குக்கு இரண்டு, அதுவும் ஆங்கிலப் பாடத்தை உத்தேசித்து.

தடிமனான பாடநூல் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாடமும் மெல்லிய சிறு புத்தகங்களாகப் பிரிந்திருக்கும், பிள்ளை ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 1970இல் டொனால்ட் ஹோவர்ட் தொடங்கிய ஏ.சி.இ. (ஆக்சலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்) என்ற நிறுவனம் பரப்பிய முறை இது. அவர்களுடையதில் பாடத்துக்கு வருடத்துக்கு 12 புத்தகம், 'பேஸ்' என்பார்கள். நாங்கள் வாங்கியது அதைப் பார்த்து வேறு யாரோ செய்தது, ஆனாலும் நடைமுறை அதேதான். பிள்ளையே வாசிக்க வேண்டும், பிள்ளையே எழுத வேண்டும், விடைப் புத்தகத்தை எடுத்துவைத்துப் பிள்ளையே திருத்த வேண்டும். தப்பான விடைக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் சின்னக் கோடு, சரிசெய்து எழுதியதும் அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம். கடைசிப் பரீட்சையில் 80க்குக் கீழே எடுத்தால் அந்தப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இந்தச் சிவப்புக் கோடுதான் பெட்டியிலேயே உருப்படியான விஷயம் என்பேன். பள்ளியில் படித்தபோது என் மகள் நோட்டில் டீச்சர் போட்ட பெருக்கல் குறியைப் பார்த்தால் பக்கத்தையே திருப்பிவிடுவாள், இப்போது தானே கோடு போட்டுவிட்டு "ஆச்சி, இங்க 'எஸ்' விட்டுட்டேன்" என்று அவளே சொல்கிறாள். மாமியாருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் விடைப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க அது போதும், அதனால்தான் எங்கள் வீட்டில் இது ஓடுகிறது. விடையைப் பார்த்து எழுதிவிட மாட்டாளா என்று கேட்பீர்கள். எழுதுவாள்தான். விடைப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, எழுதி முடித்த பிறகு மட்டும் இறக்குங்கள்.

சரி, சரக்குக்கு வருவோம். ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, வாக்கியங்கள் சின்னது, ஒரே இலக்கணத்தைத் திரும்பத் திரும்ப வேறு வேறு இடத்தில் கொண்டுவருகிறார்கள். மனப்பாட வசனப் பகுதியும் நல்லது, ஞாயிறு பள்ளியில் கொடுக்கும் வசனத்தைவிட ஒழுங்காக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மற்ற பாடங்கள் வேறு ஊருக்கு எழுதியவை. கணக்கில் டைம் (dime), குவார்ட்டர் என்று அமெரிக்கக் காசு வருகிறது, பைண்ட், அவுன்ஸ் என்று அவர்கள் ஊர் அளவு வருகிறது. பால் பாக்கெட்டில் அரை லிட்டர் என்று படிக்கிற பிள்ளைக்கு இதை எதற்குக் கற்றுத்தர வேண்டும்? பருவகாலம் என்று நாலு பக்கம். அக்டோபர் படத்தில் சிவந்த இலைகளை ஒரு பையன் வாரிக் குவிக்கிறான், எங்கள் தெருவில் அப்போது வடிகால் நிரம்பித் தவளை கத்திக்கொண்டிருந்தது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள், பிறகு குறுவை, சம்பா, தாளடி என்று இங்கே வருடம் போகிற விதமே வேறு. அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டு, நம்மூர்ப் பருவங்களை மாமியாரிடம் கேட்டு எழுதும்படி மகளிடம் சொன்னேன்.

அறிவியல் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். ஆறு நாள் சிருஷ்டிப்பை அப்படியே அறிவியல் பாடமாக வைத்திருக்கிறார்கள். விசுவாசம் பற்றி நான் இங்கே வாதாட வரவில்லை, ஆனால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரு பாடம், அதில் கேள்வி வரும், பிள்ளை விடை எழுதியாக வேண்டும். அதை முன்னமே தெரிந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

தாளும் மோசம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பக்கம் ஊறிப்போய், ரப்பரால் அழித்தால் ஓட்டை விழுகிறது. ஒரு பாடத்துக்கு விடைப் புத்தகமே வரவில்லை, விற்றவருக்குப் போன் மேல் போன் போட்டு, கடைசியில் வாட்ஸ்அப்பில் மங்கலாகப் படம் எடுத்து அனுப்பினார். அதோடு சரி.

பெற்றோர் கையேடு சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய கோபம். காலை ஜெபம், கால அட்டவணை, தாய் எப்படிப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது (தகப்பன் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை), பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை கிடையாது. பெட்டிக்காரர் கொடுக்கும் பூப்போட்ட சான்றிதழ் நம்மூர்ப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகாது. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறது, வீட்டுக் கல்விக்கென்று அதில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. அதனால் பரீட்சை வழியை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. பெரும்பாலும் போகிற வழி என்.ஐ.ஓ.எஸ்., அதாவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிற திறந்தநிலைப் பள்ளி. அதில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலை இருக்கிறது, மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், சான்றிதழுக்கு ஐந்து பாடம் போதும், பொதுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். பள்ளியிலிருந்து எடுக்கும்போது மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள், பிறகு திரும்பச் சேர்க்க நினைத்தால் அது இல்லாமல் அலைய வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் பெட்டியிலிருந்து எடுப்பது ஆங்கிலமும் வசனமும் மட்டும். கணக்குக்கும் தமிழுக்கும் அறிவியலுக்கும் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும், அச்சுப் புத்தகமும் மலிவுதான். அந்தச் சிவப்புக் கோட்டையும் 80 மார்க் விதியையும் அப்படியே இதற்கும் வைத்துக்கொண்டோம். வரலாற்றுக்கு அமெரிக்கக் குடியேறிகளின் கதை எதற்கு, பஸ் ஏறினால் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, மணலில் எழுதிப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றவர், அடுத்த வருடமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தது 1715இல், தாளுக்காகப் பொறையாறு பக்கம் ஆலை போட்ட இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவர் கல்லறை இருக்கிறது. மகள் கல்லில் இருந்த வருடத்தைப் பார்த்துவிட்டு அவர் வயதைக் கணக்குப் போட்டாள், அன்றைக்குக் கழித்தல் பாடம் அதோடு முடிந்தது. பாட்டுக்குத் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகள் இருக்கின்றன, மாமியாருக்குப் பாதி மனப்பாடம்.

முழுப் பெட்டி யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், ஆங்கிலம் சரளமாக வாசிக்கிற ஒருவர் பகல் முழுக்க வீட்டில் இருந்து, பிள்ளையும் தானாக உட்கார்ந்து வாசிக்கிற சுபாவம் உள்ளதாக இருந்தால் வாங்கலாம். ஓடியாடி, நாலு பேரோடு பேசிப் படிக்கிற பிள்ளைக்கு இது ஒத்துவராது. நாள் முழுக்கத் தனியாகப் புத்தகத்தோடு உட்கார வைப்பதுதான் இந்த முறையின் பெரிய குறை, என் மகளே சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறாள். அடுத்த வருடத்துக்கு ஆங்கிலத்தை மட்டும் தனியாகக் கேட்டேன், முழு செட்தான் விற்போம் என்று முதலில் சொல்லிவிட்டு இரண்டாம் முறை கேட்டதும் கொடுத்தார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள், விடைப் புத்தகம் உள்ளே இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.