டெக்சஸ் ரயில்ரோடு கமிஷனின் இலவசக் கிணற்று வரைபடம்: ஒரு சிறு கனிம உரிமையாளரின் மதிப்புரை

2021ஆம் ஆண்டு கோடையில் ஒரே வாரத்தில் எங்களுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. மேற்கு டெக்சஸின் ஹவர்ட் கவுண்டியில், 640 ஏக்கர் கொண்ட ஒரு செக்ஷனில், நானும் என் கல்லூரி நண்பரும் சேர்ந்து வாங்கியிருந்த 10 நெட் ஏக்கர் (எங்கள் பங்கின் அளவுக்குக் கணக்கிட்ட ஏக்கர்) கனிம உரிமையை ஒரு நிறுவனம் மொத்தமாக விலைக்குக் கேட்டிருந்தது. இன்னொரு நிறுவனம் மூன்றாண்டு லீஸுக்கு, அதாவது குத்தகைக்கு, கேட்டிருந்தது. இரண்டு கடிதங்களும் பதிலுக்கு இரண்டு வாரம்தான் அவகாசம் தந்தன. ஹூஸ்டனில் குடியிருக்கும் எங்களுக்கு அந்த நிலம் ஏறத்தாழ ஏழு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது, டெக்சஸ் ரயில்ரோடு கமிஷன் தன் இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் கிணற்று வரைபடமும் அதைச் சார்ந்த தேடல் பக்கங்களுமே. அன்றிலிருந்து மாதம் தவறாமல் அவற்றைப் பார்த்து வருகிறேன். கனிம உரிமை வைத்திருக்கும், அல்லது வாங்க எண்ணும் தமிழர்களுக்குப் பயன்படட்டும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

டெக்சஸில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அதன் அடியிலுள்ள எண்ணெயும் எரிவாயுவும் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். காவிரிப் படுகையில் கச்சா எண்ணெய் எடுக்கும்போது ராயல்டி என்னும் உரிமைப் பங்கு அரசுக்குப் போவதையும், நிலத்துக்காரருக்கு நிலத்தைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடு மட்டுமே கிடைப்பதையும் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த ஏற்பாடு பிடிபடவே சில மாதங்கள் ஆயின. உரிமை தனியார் கையில் இருப்பதால் அதைக் காப்பதும் அவரவர் பொறுப்பாகிறது. பக்கத்து நிலத்தில் யார் லீஸ் எடுக்கிறார்கள், யார் துளையிட அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்பதை எந்த அலுவலகமும் நமக்குக் கடிதம் போட்டுச் சொல்லப் போவதில்லை.

பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். 1891இல் ரயில் கட்டணங்களை ஒழுங்குபடுத்த ஏற்படுத்தப்பட்ட இந்தக் கமிஷனிடம் 1917 முதல் குழாய்வழிகளும், அடுத்து எண்ணெய், எரிவாயுத் துறையும் ஒப்படைக்கப்பட்டன. இன்று ரயில்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்ட விரும்பும் எவரும் இங்கேதான் டபிள்யூ-1 என்னும் மனுவைக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். சிறு உரிமையாளருக்கு இந்த மனுவைவிட மதிப்புள்ள ஆவணம் வேறில்லை என்பது என் கருத்து. யார் தோண்டப் போகிறார்கள், எந்த லீஸின் பெயரில், எவ்வளவு ஆழத்துக்கு, எந்த எண்ணெய் வயலில், எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதெல்லாம் அதில் இருக்கும். அனுமதி இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். லீஸ் கேட்டு வரும் கடிதத்தில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் எழுத மாட்டார்கள்.

வரைபடத்தைத் திறந்ததும் கவுண்டியைத் தேர்ந்தெடுத்து, பத்திரத்தில் உள்ள சர்வே பெயர், பிளாக், செக்ஷன் அல்லது அப்ஸ்ட்ராக்ட் எண்ணை வைத்து நம் இடத்தைத் தேட வேண்டும். அப்ஸ்ட்ராக்ட் எண்ணை நம் ஊர்ப் புல எண்ணைப் போல நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ள டவுன்ஷிப், ரேஞ்சு முறையை டெக்சஸ் பின்பற்றுவதில்லை. ஸ்பானியர் காலத்து நில அளவை மரபு இன்னும் இங்கே தொடர்வதால், பழைய பத்திரங்களில் வாரா என்ற அளவைக்கூடக் காணலாம். ஒரு வாரா என்பது 33⅓ அங்குலம். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அதைச் சுற்றி அனுமதி பெற்ற இடம், எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் கிணறு, வறண்ட கிணறு, அடைக்கப்பட்ட கிணறு என்று ஒவ்வொன்றும் அதற்குரிய குறியுடன் தெரியும். ஒரு குறியைச் சொடுக்கினால் அந்தக் கிணற்றின் ஏ.பி.ஐ. எண் கிடைக்கும். டெக்சஸுக்கு 42, ஹவர்ட் கவுண்டிக்கு 227, அதன் பிறகு கிணற்றுக்குரிய ஐந்து இலக்கம் என்று அமைந்த அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், மற்ற ஆவணங்களை எல்லாம் அதை வைத்தே தேடிவிடலாம். இந்த வேலைக்குக் கைபேசித் திரை போதாது. கணினியில் பார்ப்பதே நல்லது.

தொடக்கத்தில் நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எங்கள் செக்ஷனுக்குள் புள்ளி ஏதாவது விழுந்திருக்கிறதா என்று மட்டுமே முதல் சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நிலம் இருக்கும் பெர்மியன் எண்ணெய்ப் படுகையில் இன்று கிணறுகள் செங்குத்தாக இறங்கி, பிறகு படுக்கை வாட்டில் திரும்பி, இரண்டு மைல், சில இடங்களில் மூன்று மைல் தொலைவு வரை போகின்றன. ரிக் என்னும் துளையிடும் இயந்திரம் நிற்கும் இடம் தெற்கே இரண்டு செக்ஷன் தள்ளி இருக்கலாம். எண்ணெய் எடுக்கப்படுவதோ நம் நிலத்தின் அடியிலிருந்து. அந்தப் புள்ளியிலிருந்து புறப்படும் கோடு எங்கே முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும், அத்துடன் மனுவுடன் இணைக்கப்பட்டிருக்கும் பிளாட் என்னும் அளவை வரைபடத்தையும் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் எடுக்கத் தொடங்கும் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் அதில் அடிக்கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கோணத்தில் பார்த்தபோதுதான், அந்த இரண்டு கடிதங்களும் வருவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே எங்களுக்குத் தெற்கே உள்ள செக்ஷனில் படுக்கைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்திருந்ததும், அவற்றின் பாதை வடக்கு நோக்கி எங்கள் பக்கம் திரும்பியிருந்ததும் தெரியவந்தன. விற்கும் எண்ணத்தை அன்றே கைவிட்டோம். லீஸுக்குக் கேட்டவர்கள் முதலில் ஐந்தில் ஒரு பங்கு ராயல்டி தருவதாகச் சொன்னார்கள். அனுமதி எண்களைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிய பிறகு பேச்சு கால் பங்கில் முடிந்தது.

இந்தச் சேவையின் இரண்டாவது பலம் உற்பத்திக் கணக்கு. ஒவ்வொரு கிணற்று நிறுவனமும் மாதாமாதம் தாக்கல் செய்யும் உற்பத்தி விவரங்களை 1993 ஜனவரி முதல் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் டெக்சஸில் எரிவாயுக் கிணற்றின் உற்பத்தி கிணறு வாரியாகவும், எண்ணெய் உற்பத்தி லீஸ் (ஒரே பெயரில் பதிவான குத்தகை நிலம்) வாரியாகவும் பதிவாகிறது. ஒரு லீஸில் ஆறு எண்ணெய்க் கிணறுகள் இருந்தால், ஆறும் சேர்ந்து எத்தனை பேரல் என்பதே தெரியும். எது நன்றாக ஓடுகிறது, எது தளர்ந்துவிட்டது என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். ஷேல் என்னும் களிப்பாறையில் தோண்டும் கிணறுகளின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கும் கீழே இறங்கிவிடுவது வழக்கம். ஆகவே பக்கத்து லீஸின் முதல் மூன்று மாத எண்ணிக்கையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாமல், குறைந்தது ஈராண்டுக் கணக்கையாவது எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ராயல்டிக் காசோலை வரத் தொடங்கிய பிறகும் இந்தக் கணக்கு பெரிதும் உதவுகிறது. ஒரே உற்பத்திக்காகச் சேர்க்கப்பட்ட நிலமான யூனிட் 640 ஏக்கர், அதில் நம்முடையது 10 ஏக்கர், கால் பங்கு ராயல்டி என்றால், பங்கைக் குறித்து நிறுவனம் அனுப்பும் டிவிஷன் ஆர்டரில் நம் பங்கு 0.00390625 என்று இருக்க வேண்டும். உதாரணமாக ஒரு மாதத்தில் அந்த யூனிட் 20,000 பேரல் எடுத்து, பேரல் 70 டாலருக்கு விற்றால், நம் பங்கு 5,468 டாலர் 75 சென்ட், அதிலிருந்து 4.6 சதவீத எண்ணெய் உற்பத்தி வரி கழியும். காசோலையுடன் வரும் தாளிலுள்ள பேரல் எண்ணிக்கையையும் கமிஷனில் பதிவான எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாட்களுக்குள் முதல் தொகையும், அதன் பின்னர் எண்ணெய்க்கு 60 நாட்களுக்குள், எரிவாயுவுக்கு 90 நாட்களுக்குள் மாதத் தொகையும் வர வேண்டும் என்பது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, மாநிலச் சட்டம். கிணறு ஓடத் தொடங்கிவிட்டது என்பதே தெரியாமல் இருப்பவரால் இந்த நாட்களை எண்ண முடியாது.

இனி இந்தச் சேவையில் கிடைக்காததைப் பற்றிச் சொல்ல வேண்டும். லீஸ் ஒப்பந்தங்கள் எதுவும் கமிஷனிடம் இல்லை. கனிமம் யாருக்குச் சொந்தம், யாருக்கு ராயல்டி பாக்கி என்ற வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் யாரும் லீஸ் எடுக்கவில்லை என்று முடிவு கட்டுவது பெரிய பிழை. லீஸ் எழுதி முடித்து ஓரிரு ஆண்டுகள் கழித்தே பல இடங்களில் அனுமதி மனு போடப்படுகிறது. எனவே முதல் அசைவு தெரிவது கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் பதிவேட்டில்தான். டெக்சஸில் 254 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களைக் கொண்ட அட்டவணை உண்டு. நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கும் வேலையோடு இதை ஒப்பிடலாம், ஒரு வேறுபாட்டுடன்: அங்கே அலுவலகமே தேடிக் கொடுக்கும், இங்கே நாமே தேட வேண்டும். ஹவர்ட் கவுண்டிக்கு அந்த அலுவலகம் பிக் ஸ்பிரிங் நகரில் இருக்கிறது. பல கவுண்டிகளின் அட்டவணையை இணையத்திலேயே பார்க்கலாம். நகலுக்குக் கட்டணம் உண்டு.

பதிவேட்டில் பெரும்பாலும் முழு ஒப்பந்தம் இருக்காது, மெமோராண்டம் என்னும் சுருக்கம் மட்டுமே இருக்கும். லீஸ் எழுதும்போது முன்பணமாகத் தரும் போனஸ் தொகையும் ராயல்டி விகிதமும் அதில் எழுதப்படுவதில்லை. இருந்தாலும் லீஸ் தேதியும், தோண்டத் தொடங்க நிறுவனத்துக்குக் கிடைக்கும் மூல காலமும் தெரிந்துவிடும். பெயர் தெரியாத ஒரு லேண்ட்மேன் (லீஸ் பேசி வாங்கும் முகவர்) பத்துப் பேரிடம் லீஸ் எழுதி வாங்கி, சில மாதங்களில் அவற்றை ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்திருந்தால், அந்த மாற்றுப் பத்திரத்தைப் பார்த்ததுமே பின்னணியில் இருப்பவர் யார் என்பது புலப்படும். மூன்றாண்டு லீஸ் ஒன்று முடியச் சில மாதங்களே இருக்கும்போது அந்த இடத்தில் அனுமதி மனு விழுந்தால், லீஸ் காலாவதியாகாமல் தடுக்கவே அவசரமாகத் தோண்டுகிறார்கள் என்று ஊகிக்கலாம். பதிவேட்டையும் வரைபடத்தையும் சேர்த்துப் படித்தால்தான் இப்படிப்பட்ட செய்திகள் கண்ணில் படும். இந்தக் காரணத்தால், கமிஷனின் சேவையை எவ்வளவு மதித்தாலும் அதைத் தனியாக வைத்து முழு மதிப்பெண் தர என்னால் இயலவில்லை. போனஸ் விலைக்கு ஓர் ஒப்பீடு தேவைப்படுவோர், மேற்கு டெக்சஸின் 19 கவுண்டிகளில் 21 லட்சம் ஏக்கரை நிர்வகிக்கும் யுனிவர்சிட்டி லேண்ட்ஸ் அமைப்பின் லீஸ் ஏல முடிவுகளைப் பார்க்கலாம்.

பலருக்குப் பொதுவான நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். டெக்சஸில் கூட்டு உரிமையாளர் ஒருவரிடம் மட்டும் லீஸ் வாங்கிக்கொண்டும் ஒரு நிறுவனம் தோண்டலாம். லீஸ் எழுதிக் கொடுக்காத மற்றவருக்குச் செலவு போக மிஞ்சும் லாபத்தில் பங்கு உண்டு. யூனிட்டில் எந்தெந்தத் துண்டு நிலங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டும் பி-12 படிவம் இருந்தால் அதையும் திறந்து, நம் துண்டு அதில் இருக்கிறதா, ஏக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேறு மாநிலங்களோடு ஒப்பிட்டால் டெக்சஸ்காரர்களுக்கு நிலைமை சாதகமாகவே இருக்கிறது. வடக்கு டகோட்டாவில் ஒரு கிணற்றின் விவரங்களை ஆறு மாதம் வரை ரகசியமாக வைத்துக்கொள்ள நிறுவனம் கேட்கலாம். அதே நேரத்தில் ஓக்லஹோமாவில் பலரின் உரிமைகளை ஒரே யூனிட்டில் சேர்க்கும் கட்டாயப் பூலிங் ஆணைகளிலேயே போனஸ், ராயல்டி விகிதங்கள் எழுதப்பட்டு யாரும் படிக்கும்படி இருக்கின்றன. அந்த வெளிப்படைத்தன்மை டெக்சஸில் இல்லாதது சிறு உரிமையாளர்களுக்கு ஓர் உண்மையான குறை. எனவெரஸ் போன்ற கட்டணச் சேவைகள் பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. ஒன்றிரண்டு செக்ஷனில் பங்கு வைத்திருப்பவருக்கு அவை தேவையில்லை என்பதே என் முடிவு.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் வரைபடம், அனுமதி மனுக்கள், உற்பத்திக் கணக்கு, கவுண்டிப் பதிவேடு என்ற வரிசையில் எங்கள் செக்ஷனையும் அதைத் தொட்டிருக்கும் எட்டுச் செக்ஷன்களையும் பார்த்து, ஏ.பி.ஐ. எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. சென்ற மாதம் வடக்குச் செக்ஷனில் இரண்டு புதிய அனுமதிக் குறிகள் தென்பட்டன. அவற்றின் கோடுகள் தெற்கு நோக்கி வந்து எங்கள் எல்லைக்குச் சற்று முன்பாக முடிகின்றன. லீஸ் எல்லையிலிருந்து 467 அடி விலக வேண்டும் என்பது மாநிலத்தின் பொது விதி, சில வயல்களுக்குத் தனி விதிகளும் உண்டு. அதனால் இந்தச் சனிக்கிழமை நண்பரையும் அருகில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு மனுக்களின் பிளாட்டைத் திறந்து, கடைசிப் புள்ளி எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்க்கப் போகிறோம்.