கொரோனா காலத்தில் எங்கள் ஊராட்சி: கீழத்தெருவிலிருந்து ஒரு மதிப்பீடு

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்ற மன்றம். உட்கார்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு வந்துவிட்டது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர்கள் காலம் முடிந்து, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் சிமெண்ட் ரோட்டையும் நிழற்குடையையும் சொல்லித்தான் கேட்பார்கள். எனக்கு அந்த இரண்டு வருஷம்தான் கணக்கு. மறந்து போவதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். எங்கள் மகளிர் குழு வழியாக ஊராட்சிக்கு முகக்கவசம் தைத்துக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதைவிடவும் தண்ணீரைப் பற்றித்தான் பேச வேண்டும். எங்கள் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். சாதாரண நாளில் காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் திறப்பார்கள், போதும். ஊரடங்கு வந்த வாரமே திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள். நாலு பேர் இருந்த வீட்டில் ஒன்பது பேர். வெளியே போய்வந்தால் குளியல், தொட்டால் கைகழுவல். மேலத்தெருவில் எல்லாரும் குழாயைத் திறந்தால், குழாயின் கடைக்கோடியில் இருக்கிற கீழத்தெருவுக்கும் காலனிக்கும் நூல் மாதிரிதான் வரும். காலனிக்குப் போய்ச் சேர்வதற்குள் தொட்டி காலி. இது கொரோனாவுக்கு முன்பே இருந்த குறை, அப்போது பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தலைவரம்மா ஒரு நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு காலனிக் குழாயடியில் வந்து நின்றார். முக்கால் மணி நேரம் நின்று பார்த்தார். அடுத்த வாரமே முறை மாற்றினார்கள். காலையில் முதலில் காலனிக்கும் கீழத்தெருவுக்கும், பிறகு வால்வை அடைத்துவிட்டு மேலத்தெருவுக்கு. மத்தியானம் மும்முனை மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து ஒருமுறை ஏற்றி மூன்றாவது தடவையும் விட்டார்கள். மேலத்தெருவில் முணுமுணுப்பு இருந்தது. தலைவரம்மா கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை. புதுக் குழாய் போடவில்லை, பைசா செலவில்லை. நாற்பது வயசில் முதல்முறையாக என் வீட்டுக் குழாயில் குடம் ஐந்து நிமிஷத்தில் நிறைந்ததைப் பார்த்தேன்.

இந்த வால்வைத் திருப்புகிறவர் டேங்க் ஆபரேட்டர் அண்ணன். ஊரில் எல்லாரும் கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தபோது விடியற்காலை ஐந்தரைக்கு அவர் சைக்கிள் பெல் கேட்கும். 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் தொட்டி கழுவுவார், கழுவிய தேதியைத் தொட்டிக் காலில் பெயிண்டால் எழுதுவார். ஒருநாள் அவர் மருந்து கலக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிளீச்சிங் பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டமாட்டார். வாளியில் கரைத்து வைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும் வரை காத்திருந்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றினார். "ஏண்ணே இவ்வளவு நேரம்?" என்றேன். "அவசரப்பட்டா தண்ணி குமட்டும் தங்கச்சி, அப்புறம் ஒருத்தரும் குடிக்கமாட்டாங்க. ஆத்துல போயி மொள்ளுவாங்க" என்றார்.

குப்பையில் பாதி மதிப்பெண்தான். தூய்மைக் காவலர் அக்காமார் மூன்று பேரும் ஒருநாள் தவறாமல் விசில் ஊதிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு அப்போது மாதம் 2,600 ரூபாய், 2021-இல்தான் 3,600 ஆனது. ஆனால் கையுறை வந்து சேர ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. அதுவரை பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அள்ளினார்கள். முகக்கவசத்துக்கு முதலில் ஆர்டர் கொடுத்தார்கள், கையுறைக்குக் கொடுக்கவில்லை. குப்பை அள்ளுகிறவருக்கு எது முதலில் வேண்டும் என்று அவர்களையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அதே நேரத்தில் தெருத் தெருவாகக் கிருமிநாசினி அடித்தார்கள். வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற விசை ஸ்பிரேயரை விவசாயிகளிடம் வாங்கி, வேலி, திண்ணை, புளியமரம் என்று நனைத்தார்கள். பார்க்கத் தைரியமாக இருந்தது உண்மை. ஆனால் திறந்த வெளியில் அடிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் ஆகஸ்ட் வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளும் நேரமும் குப்பைக்குப் போயிருக்கலாம்.

ரேஷனில் 1,000 ரூபாயும் அரிசியும் கொடுத்த நாளில் நெரிசல் இல்லை. டோக்கன், சுண்ணாம்பில் போட்ட வட்டம், வயசானவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு. சரி, நன்றாகவே நடந்தது. ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கியபோது வயல் வரப்பில் தண்ணீர் டிரம்மும் சோப்பும் வைத்தார்கள். கும்பலாக நடவு நடுகிறவர்களுக்குக் கைகழுவ இடம் வேண்டும் என்று யோசித்தவர் யாரோ, அவருக்குப் புண்ணியம்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஆகஸ்டில் என் கணவருக்குத் தொற்று வந்தது. லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றிவருகிறவர். அவரைச் சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போன ஒரு மணி நேரத்தில் எங்கள் வாசலை மூங்கில் கட்டி அடைத்து, ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வீட்டுக் குழாய் வேலிக்கு வெளியே இருக்கிறது. மூங்கிலுக்கு இந்தப்பக்கம் நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும், அந்தப்பக்கம் தண்ணீர். அதைக் கட்டியவர்களிடம் சொன்னேன், காதில் வாங்கவில்லை. அன்று ராத்திரி கொல்லை அடிபம்பில் வந்த உப்புத் தண்ணீரில் சோறு வடித்தோம். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் விடிகாலை சைக்கிள் பெல். எட்டிப் பார்த்தால் மூங்கிலுக்கு அடியில் இரண்டு குடம், வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தது. டேங்க் ஆபரேட்டர் அண்ணன் பத்தடி தள்ளி நின்று, "நான் போனப்புறம் எடுத்துக்கம்மா. காலிக் குடத்த அங்கயே வச்சிரு" என்றார். பதினாலு நாளும் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

எங்கள் வீட்டுக் குப்பையோ நாலு நாள் வாசலிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் தலைவரம்மாவுக்குப் போன் போட்டு அழுதுவிட்டேன். அன்றே ஆள் வந்தது. பிளீச்சிங் தூவி, தனியாகக் கட்டி எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு தொற்று வந்த எந்த வீட்டிலும் குப்பை தேங்கவில்லை, மூங்கிலையும் குழாயை விட்டுத் தள்ளிக் கட்டினார்கள். தப்பு நடந்தது, சொன்னதும் திருத்தினார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும் முதல் வீடு எங்களுடையதாக இருந்தது, அந்த நாலு நாள் நாற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பெரிய குறை ஒன்று உண்டு. 2020 ஜனவரி 26-க்குப் பிறகு 2021 அக்டோபர் 2 வரை கிராம சபை கூடவில்லை. கூட்டம் கூடாதென்று அரசு நிறுத்தியது, ஊராட்சியின் தப்பில்லை. ஆனால் பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு, ஸ்பிரேயர் கூலி எவ்வளவு என்று அலுவலக வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கலாம். இரண்டு தடவை கேட்டேன், "கூட்டத்தில் வைப்போம்" என்றார்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தார்கள், பாதிப் பேருக்குப் புரியவில்லை.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், தண்ணீருக்கு ஐந்து, குப்பைக்கு மூன்று, கணக்குக்கு ஒன்று. அடுத்து வருகிற மன்றத்திடம் எனக்குக் கேட்க இரண்டுதான் இருக்கிறது. காலனிக்கும் கீழத்தெருவுக்கும் முதலில் திறக்கிற முறையை மாற்றாதீர்கள். வருகிற அக்டோபரில் டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு அறுபது முடிகிறது, அவர் போவதற்கு முன்பே ஒரு பையனை அவரோடு அனுப்பி, எந்த வால்வு எத்தனை சுற்று என்று கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.