நமுத்த திரியும் குடைந்த பாறையும்

ஆடி மாதத்தில் எங்கள் லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், தீப்பெட்டியை அடுப்புத் திண்டின் மேல்தான் வைப்பார்கள். வேறு எங்கே வைத்தாலும் நமுத்துவிடும். நான்கு குச்சி உரசினால் ஒன்று பற்றும். கண்டி இராச்சியத்தின் மீது படையெடுத்து வந்த ஐரோப்பியர்கள் இந்த மலைகளில் ஏன் திரும்பத் திரும்ப அழிந்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் அந்தத் தீப்பெட்டிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பெரிய படையைச் சிறிய படை எதிர்கொள்ளும் போரில் எந்த ஆயுதம் உதவும் என்ற கேள்விக்கு மலையகத்தைப் போல நல்ல பாடம் கிடைக்காது. வடக்கிலும் கிழக்கிலும் நம் காலத்தில் நடந்த போரை இதில் சேர்க்கவில்லை. அதை ஆயுதக் கணக்காக எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வில்லையும் திரித்துவக்கையும் எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் துவக்குதான் வலியது. ஆனால் திரித்துவக்கு சுடுவதற்கு எரிந்துகொண்டே இருக்கும் திரி ஒன்று வேண்டும். 1630 ஆகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பதுளையைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயாவுக்கு அருகே ரந்தெனிவெலவில் பெருமழை பிடித்துக்கொண்டது. திரியும் மருந்தும் நனைந்தன. அம்புக்கு அந்தக் கவலை இல்லை. டி சாவும் அங்கேயே மாண்டார். இருந்தாலும் வெற்றி முழுவதையும் அம்பின் கணக்கில் எழுதிவிட மாட்டேன். டி சாவின் படையில் இருந்த லஸ்கரின்கள் என்ற உள்ளூர்ச் சிப்பாய்கள் முன்பே கண்டியுடன் பேசிவைத்து, தருணம் பார்த்துக் கட்சி மாறியிருந்தார்கள். மழை மிச்ச வேலையைச் செய்தது.

பின்னாளில் ஆங்கிலேயர் கொண்டுவந்தது கல் உரசும் பொறியில் வெடிக்கும் சக்கிமுக்கித் துவக்கு. திரி தொல்லை தீர்ந்தது. ஆனால் பொறி விழும் கிண்ணத்தில் இருக்கும் மருந்து மழையில் நனைவது தீரவில்லை. பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம், 90 மீட்டருக்கு அப்பால் குறி நிற்காது. அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட வேண்டியிருந்தது. ஒற்றையடிப் பாதையில் வரிசை கட்ட இடம் எங்கே? ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் எதிரே பார்க்கவாவது முடிகிறது. எதிரியோ மரத்துக்குப் பின்னால் இருக்கிறான். அவன் துவக்கை உள்ளூர்க் கொல்லன் அடித்துக் கொடுத்தான். அதன் வெடியுப்பு வௌவால் குகை மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தது. கொழும்புக் கப்பலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கண்டிப் படையின் சிறு பீரங்கியான கோடித்துவக்கு. இன்று அது சிங்களக் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. குட்டைக் குழல், அகன்ற வாய், முன்னே இரண்டு மரக்கால், பின்னே தரையில் ஊன்றிக்கொள்ளும் வளைந்த கட்டை. வெள்ளைக்காரன் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தது கச்சிதம். பக்கவாட்டில் பார்த்தால் பாய்வதற்குக் காலை மடக்கி உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும். பாறை மேல் ஏற்றி, கீழே பாதையில் வருகிற கூட்டத்தின் மேல் ஒரு முறை சுட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போய்விடலாம்.

எதிர்த்தரப்பின் பீரங்கி அப்படியல்ல. சின்னப் பீரங்கி என்றாலும் மாடு வேண்டும், சுமைகூலிகள் வேண்டும், அவர்களுக்கு அரிசி வேண்டும், அந்த அரிசியைச் சுமக்க இன்னும் கூலிகள் வேண்டும். முதல் வெடிச் சத்தத்தில் கூலிகள் சுமையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானும் ஓடியிருப்பேன். அதற்கு நேர்மாறாக 1804இல் கேப்டன் ஜோன்ஸ்டன் சுமார் 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு வந்து, வழியெல்லாம் அடிவாங்கி, எப்படியோ திருகோணமலை போய்ச் சேர்ந்தார். கூட்டம் சிறியதாக இருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

கண்டியிலும் அழகுக்காக ஒரு பீரங்கி இருந்தது. வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்து லெவ்கே திசாவை என்ற மாகாண அதிகாரி அரசனுக்குக் கொடுத்தது. 1765இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்தபோது அதை அள்ளிக்கொண்டு போனார்கள். 2023இல்தான் திரும்பி வந்தது.

இனி ஆயுதம் என்று யாரும் எண்ணாதவை. பாதையை மறிக்கும் முள் கடவை, வெட்டிச் சாய்த்த மரம், உருட்டிவிடும் கல். 1638 மார்ச்சில் கன்னொறுவவில் போர்த்துக்கேயர் இப்படித்தான் சிக்கினார்கள். கண்டி நகரம் காலியாகக் கிடக்க, அதைக் கொளுத்திவிட்டுத் திரும்பியவர்களின் வழியை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் மரத்தை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். உயிரோடு பிடிபட்ட போர்த்துக்கேயர் 33 பேர் என்று பதிவு. செலவைப் பார்த்தால் கோடரிக்கு நிகர் எதுவும் இல்லை.

1803இல் காய்ச்சலும் ஆறும் அதே வேலையைச் செய்தன. கண்டியில் விட்டுவைக்கப்பட்ட ஆங்கிலக் காவற்படை நோயில் சுருண்டது. மேஜர் டேவி சரணடைந்து வெளியேறி, ஜூன் 24 அன்று வட்டபுளுவவில் நின்றபோது மகாவலி பெருகி ஓடிக்கொண்டிருந்தது. கடக்க வழியில்லை. படையில் மிகச் சிலரே பிழைத்தார்கள்.

அப்படியானால் கண்டி எப்படி வீழ்ந்தது? 1815இல் பிரதானிகள் அரசனைக் கைவிட்டதால். துவக்கு அன்று அதிகம் பேசவில்லை. உண்மையான சோதனை 1817இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி. அதை அடக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அப்போது பயன்பட்ட ஆயுதம் தீப்பந்தம். வயல், வீடு, களஞ்சியம் எல்லாம் எரிந்தன, மாடுகள் கொல்லப்பட்டன. மறைந்து சுடுகிறவனைச் சுட முடியாதபோது அவனுக்குச் சோறு போடும் ஊரை அழித்தார்கள். ஆயுதமாக அது பலித்தது என்று எழுதவே கை கூசுகிறது, ஆனால் பலித்தது.

எல்லாவற்றையும் விஞ்சியது வீதிதான். 1820இல் தொடங்கி, ஆளுநர் பார்ன்ஸின் ஆணையில், இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் முதுகில் கொழும்பு - கண்டிப் பாதை ஏறியது. கடுகண்ணாவவில் பாறையையே குடைந்தார்கள். மலையைத் துளைப்பவனுக்கே கண்டி பணியும் என்று ஊரில் ஒரு வாக்கு இருந்ததாம். ஒப்பிட ஒரு கணக்குப் போதும். பாதை இல்லாத ஊவாவுக்கு ஓராண்டு. 1848இல் மாத்தளையில் புரன் அப்புவின் எழுச்சி ஜூலை கடைசியில் வெடித்தது. கண்டியிலிருந்து படை ஒரே இரவில் நடந்து மாத்தளையை அடைந்தது. ஆகஸ்ட் 8 அன்று புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

கடுகண்ணாவவில் பஸ் வளைவு ஏறும்போது குடைந்த பாறை பக்கத்தில் தெரியும். சற்று மேலே, வீதி போட்ட பொறியாளர் டோசனுக்கு 125 அடி உயரக் கோபுரம். மலையகத்தில் எந்தத் தளபதிக்கும் அவ்வளவு உயரத்தில் நினைவுச் சின்னம் நான் பார்த்ததில்லை. நடத்துநர் அங்கேதான் டிக்கெட் காசு கேட்டு வருவார். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

1848இல் படை வடக்கே போன அந்த மாத்தளை வீதியில்தான், அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கித் தம்புள்ளைக் காடு கடந்த எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டங்களைத் தேடித் தலைச்சுமையுடன் தெற்கே நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.